கிளினிக்கை எங்கே கட்டுவது?

ஒரு நேர்ச் சாலை. அதன் ஓரத்தில் ஐந்து குடியிருப்புகள். சாலை தொடங்கும் இடத்தில் 'அ' இருக்கிறது. அங்கிருந்து 2ஆவது கிலோமீட்டரில் 'ஆ', 3ஆவது கிலோமீட்டரில் 'இ', 5ஆவது கிலோமீட்டரில் 'ஈ'. இந்த நான்கும் தாமான்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஐந்தாவதான 'உ' மட்டும் தனியாக, 15ஆவது கிலோமீட்டரில், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. அரசாங்கம் ஒரே ஒரு கிளினிக் கட்டப் பணம் ஒதுக்கியிருக்கிறது. எங்கே கட்டலாம்?

வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நடுவில் கட்டலாம் டீச்சர்." நல்ல பதில்தான். ஆனால் நடு என்றால் எது? இந்தச் சாலையில் மூன்று நடுக்கள் இருக்கின்றன, மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில்.

முதல் நடு, சராசரி. 0, 2, 3, 5, 15 ஆகியவற்றைக் கூட்டினால் 25. ஐந்தால் வகுத்தால் 5. கிளினிக் 5ஆவது கிலோமீட்டரில், அதாவது 'ஈ'யில் வரும். இரண்டாவது, இடைநிலை. படிவம் இரண்டு கணிதத்தில் மீடியன் என்று படித்தீர்களே, அதுதான். ஐந்து எண்களையும் வரிசையாக எழுதினால் நடுவில் நிற்பது 3. கிளினிக் 'இ'யில் வரும். மூன்றாவது, இரு முனைகளுக்கும் சரிபாதித் தூரம். 0க்கும் 15க்கும் நடு 7.5. கிளினிக் அங்கே வந்தால் அதைச் சுற்றி ஒரு வீடுகூட இருக்காது.

இப்போது ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒருவர் கிளினிக்குக்குப் போவதாக வைத்து, மொத்த தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். 'ஈ'யில் கட்டினால் 5, 3, 2, 0, 10. மொத்தம் 20 கிலோமீட்டர். 'இ'யில் கட்டினால் 3, 1, 0, 2, 12, மொத்தம் 18. நட்ட நடு 7.5இல் கட்டினால் 27.5. மொத்த தூரத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் வெல்வது சராசரி அல்ல, இடைநிலை. பலருக்கு இது வியப்பாக இருக்கும்.

காரணம் எளிது. 'இ'யில் இருக்கும் கிளினிக்கை ஒரு கிலோமீட்டர் வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். 'அ', 'ஆ', 'இ' மூன்றுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டர் கூடும். 'ஈ', 'உ' இரண்டுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டர் குறையும். மூன்று கூடி இரண்டு குறைந்தால் மொத்தத்தில் ஒன்று கூடிவிட்டது. இடப்பக்கம் நகர்த்தினாலும் இதே கதைதான். ஆகவே 'இ'யை விட்டு எந்தப் பக்கம் போனாலும் நட்டம்.

இந்த விளக்கத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? 'உ' 15ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது என்ற எண்ணை நாம் எங்கேயும் பயன்படுத்தவே இல்லை. அது வலப்பக்கம் இருக்கிறது என்பது மட்டுமே கணக்குக்குத் தேவைப்பட்டது. 'உ'வைத் தூக்கி 50ஆவது கிலோமீட்டரில் வைத்தாலும் கிளினிக் 'இ'யை விட்டு அசையாது. தொலைவில் இருப்பவர்கள் இன்னும் எவ்வளவு தொலைவுக்குப் போனாலும் இடைநிலைக்கு அது தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

பலகை, நூல், நட்டு

ஊர் ஒரே கோட்டில் இருந்தால் இவ்வளவு போதும். ஆனால் ஊர்கள் பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. மூன்று ஊர்களுக்கு மொத்த தூரம் மிகக் குறைவான புள்ளி எது என்ற கேள்வியை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா எழுப்பினார். பாதரச அழுத்தமானியைச் செய்த அதே இத்தாலியர் டொரிசெல்லி அதற்கு விடை கண்டார். அந்தப் புள்ளியில் நின்று மூன்று ஊர்களையும் பார்த்தால், ஒவ்வோர் இரண்டு ஊருக்கும் இடையில் 120 பாகைக் கோணம் இருக்கும். முக்கோணத்தின் ஒரு கோணமே 120 பாகை அல்லது அதற்கு மேல் என்றால், அந்த முனையில் இருக்கும் ஊரே விடை.

ஊர்கள் அதிகமாகி, ஒவ்வொன்றிலும் மக்கள்தொகையும் வேறுபட்டால்? சமன்பாடு எழுதுவதற்கு முன் ஒரு பலகையை எடுத்துக்கொள்ளலாம். இதற்கு வரிஞோன் சட்டகம் என்று பெயர். விசைகளின் சமநிலையை ஆராய்ந்த பியேர் வரிஞோனின் பெயர் அது. ஒட்டுப்பலகை ஒன்றில் ஊர் வரைபடத்தை ஒட்டுங்கள். ஒவ்வொரு குடியிருப்பு இருக்கும் இடத்திலும் துளை போடுங்கள். துளைக்கு ஒரு நூல். எல்லா நூல்களின் மேல்முனைகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, கீழ்முனைகளைத் துளை வழியாகத் தொங்கவிடுங்கள். 100 வீட்டுக்கு ஓர் இரும்பு நட்டு என்று கணக்கு வைத்து, அந்தந்த நூலில் அத்தனை நட்டுகளைக் கட்டுங்கள். பலகையைக் கிடையாகப் பிடித்து முடிச்சை விட்டுவிடுங்கள். அது அங்குமிங்கும் நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். கிளினிக்குக்கு உரிய இடம் அதுதான்.

பலகைக்குக் கணக்குத் தெரியுமா? தெரியாது, ஆனால் இயற்பியல் தெரியும். தொங்கும் எடைகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கீழே இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கும். அப்போதுதான் மொத்த நிலையாற்றல் மிகக் குறைவாக இருக்கும். எடை கீழே இறங்க வேண்டுமானால் பலகைக்கு மேலே கிடக்கும் நூல் குறைய வேண்டும். மேலே கிடக்கும் நூலின் நீளம் என்பது முடிச்சுக்கும் ஊருக்கும் உள்ள தூரம். ஆக, நிலையாற்றல் குறைவது என்பதும், 'வீடுகள் பெருக்கல் தூரம்' என்பதன் கூட்டுத்தொகை குறைவது என்பதும் ஒன்றே. துளையின் விளிம்பில் உராய்வு இருந்தால் முடிச்சு தவறான இடத்தில் நின்றுவிடும். துளைக்குள் உறிஞ்சுகுழலின் சிறு துண்டைச் செருகி, பலகையை விரலால் மெல்லத் தட்டிக் கொடுங்கள். இரண்டு மூன்று முறை செய்து பார்த்து ஒரே இடத்தில் நிற்கிறதா என்று சரிபாருங்கள்.

ஒரு துளையில் மட்டும் மற்ற எல்லாத் துளைகளின் எடையையும் சேர்த்ததைவிட அதிகமாக நட்டுகளைக் கட்டிப் பாருங்கள். முடிச்சு நேராக அந்தத் துளைக்குள் போய் விழும். பாதிக்கு மேல் மக்கள் ஒரே பட்டணத்தில் இருந்தால் கிளினிக்கும் அந்தப் பட்டணத்துக்கே போய்விடும். மற்ற ஊர்கள் எந்தத் திசையில் இருந்தாலும் சரி.

ஜெர்மானியப் பொருளியலாளர் ஆல்பிரட் வேபர் 1909இல் வெளியிட்ட நூலில் தொழிற்சாலையை எங்கே அமைப்பது என்று ஆராய்ந்தபோது இதே சட்டகம் இடம்பெற்றது. அவருக்குக் கவலை நிலக்கரி, இரும்புத்தாது, சந்தை ஆகியவற்றுக்கு இடையிலான போக்குவரத்துச் செலவு. நோயாளிகளும் பள்ளிப் பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள் வந்தது வெகுகாலம் கழித்துத்தான்.

காகம் பறக்கும், நாம் சுற்றிப் போவோம்

பலகையில் நூல் நேர்க்கோட்டில் ஓடுகிறது. சாலை அப்படி ஓடுவதில்லை. செனாயில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விமான நிலையத்தின் வேலி ஒரு பக்கம், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை இன்னொரு பக்கம், இடையில் ரயில் பாதை. வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் தாமானுக்குப் பாலம் தேடி, யூ-டர்ன் தேடிப் போக வேண்டியிருக்கும். எனவே இன்றைய மாதிரிகள் சாலைகளை வலைப்பின்னலாக எடுத்துக்கொள்கின்றன. சந்திப்புகளும் ஊர்களும் புள்ளிகள். அவற்றை இணைக்கும் சாலைகள் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நீளம், அல்லது பயண நிமிடம்.

இதில் ஒரு சிக்கல் தெரிகிறது. சாலையின் எந்த மீட்டரிலும் கட்டடம் கட்டலாமே? எண்ணற்ற இடங்களை எப்படிச் சோதிப்பது? 1964இல் ஹக்கிமி என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரையில் இந்த முடிச்சை அவிழ்த்தார். தொலைபேசி இணைப்பகம், நெடுஞ்சாலைக் காவல் நிலையம் போன்றவற்றை எங்கே வைப்பது என்பதே அவருடைய கேள்வி. மொத்த தூரத்தைக் குறைக்கும் இடங்களில் ஒன்று எப்போதும் ஒரு புள்ளியிலேயே, அதாவது ஊரிலோ சந்திப்பிலோ, கிடைத்துவிடும் என்று அவர் நிரூபித்தார். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான சாலைத் துண்டில் கிளினிக்கை நகர்த்தினால் மொத்த தூரம் சீராக ஏறும், அல்லது சீராக இறங்கும், அல்லது நடுவில் மேடிட்டு இறங்கும்; நடுவில் ஒருபோதும் பள்ளம் விழாது. பள்ளம் இல்லையென்றால் மிகத் தாழ்வான இடம் ஏதோ ஒரு நுனியில்தான் இருக்க வேண்டும். எண்ணற்ற இடங்களைப் பார்க்க வேண்டிய வேலை, ஐம்பது நூறு இடங்களைப் பார்க்கும் வேலையாகச் சுருங்கியது.

ஒரு கிளினிக்குக்குத்தான் இந்த வசதி. பல கிளினிக்குகள் என்றால் கதை வேறு. 50 இடங்களில் 5ஐத் தேர்ந்தெடுக்க 2,118,760 வழிகள் உள்ளன. 100 இடங்களில் 10 என்றால் 17 டிரில்லியனுக்கும் மேல். ஒரு வினாடிக்கு ஒரு மில்லியன் வழிகளைச் சோதிக்கும் கணினிக்குக்கூட அதற்குச் சுமார் 200 நாள் பிடிக்கும்.

அவசரப்பட்டு ஒரு குறுக்குவழி தோன்றும். முதலில் மிகச் சிறந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடு, அதை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தேர்ந்தெடு, பிறகு மூன்றாவது. பணம் ஆண்டுக்கு ஆண்டு வருவதால் நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் கட்டவும் செய்கிறோம். ஒரு சிறு கணக்கு பாருங்கள். ஒரு சாலையில் மூன்று ஊர்கள், 5 கிலோமீட்டர் இடைவெளியில். இரு முனைகளிலும் பத்துப் பத்து வீடுகள், நடுவில் மூன்று வீடுகள். முதல் கிளினிக் நடு ஊருக்குத்தான் போகும். இரண்டாவதை ஒரு முனையில் வைப்போம். மறுமுனையின் பத்து வீடுகளும் 5 கிலோமீட்டர் வர வேண்டும், மொத்தம் 50. இரண்டையும் இரு முனைகளில் வைத்திருந்தால் நடுவில் உள்ள மூன்று வீடுகள் மட்டும் 5 கிலோமீட்டர் போயிருக்கும், மொத்தம் 15. முதல் அடி சரியாக வைத்தும் இரண்டாவது அடியில் மூன்று மடங்குக்கு மேல் நட்டம்! இதற்காகவே 1968இல் டைட்ஸ், பார்ட் என்ற இருவர் இடமாற்று முறையை வெளியிட்டார்கள். தேர்ந்த இடங்களில் ஒன்றை எடுத்துவிட்டு, தேராத ஒன்றை வைத்துப் பார். குறைந்தால் வைத்துக்கொள், குறையாவிட்டால் அடுத்ததைப் பார். இன்றும் பல மென்பொருள்களுக்குள் இந்த யோசனைதான் ஓடுகிறது.

'உ'வுக்கு எப்போது வரும்?

முதலில் பார்த்த சாலைக்கு வருவோம். இப்போது வீடுகளின் எண்ணிக்கையையும் சேர்க்கலாம். 'அ'வில் 200, 'ஆ'வில் 250, 'இ'யில் 280, 'ஈ'யில் 250, 'உ'வில் 20. மொத்தம் 1,000 வீடுகள். கணக்கு எளிதாக இருக்க நானே வைத்த எண்கள் இவை.

ஒரு கிளினிக் என்றால் இப்போதும் 'இ'தான். ஒரு வீட்டுக்குச் சராசரி 1.59 கிலோமீட்டர். அருமையான எண். 'உ'வின் 20 வீடுகளுக்கு மட்டும் 12 கிலோமீட்டர். அது பாவம் என்று கிளினிக்கை 7.5இல் கட்டினால் சராசரி 4.91 ஆகிவிடும். 20 வீட்டுக்கு 4.5 கிலோமீட்டரைக் குறைப்பதற்காக மற்ற 980 வீடுகளையும் அலையவிடுவது நியாயமா என்று எதிர்க்கேள்வி வரும். அதிலும் உண்மை இருக்கிறது. அப்படியானால் இரண்டாவது கிளினிக் கட்டப் பணம் வரட்டும், அதை 'உ'வுக்குக் கொடுத்துவிடலாம் என்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கிளினிக்குகளுக்கு மொத்த தூரம் மிகக் குறைவாக வருவது 'ஆ', 'ஈ' இரண்டிலும் கட்டும்போதுதான்; சராசரி 0.88 கிலோமீட்டர். 'இ'யிலும் 'உ'விலும் கட்டினால் 1.35. மூன்று கிளினிக்குகள் என்றால் 'அ', 'இ', 'ஈ'. சரி, நான்கு? 'உ'வைச் சேர்த்து எடுக்கக்கூடிய நான்கில் சிறந்தது 'அ', 'இ', 'ஈ', 'உ'. அப்போது 'ஆ'வின் 250 வீடுகளும் ஒரு கிலோமீட்டர் போக வேண்டும், மொத்தம் 250. 'உ'வை விட்டுவிட்டு மற்ற நான்கிலும் கட்டினால் 20 வீடுகள் 10 கிலோமீட்டர் வரும், மொத்தம் 200. இருநூறுதான் குறைவு. ஆகவே நான்காவதும் கிடையாது. ஐந்து குடியிருப்பு உள்ள சாலையில் 'உ'வுக்குக் கிடைப்பது ஐந்தாவது கிளினிக்.

யாரும் 'உ'வை வெறுக்கவில்லை. கணக்கிலும் பிழை இல்லை. 'மொத்த தூரத்தைக் குறை' என்று கேட்டோம். மாதிரி அதைத்தான் செய்தது.

கேள்வியை மாற்றிக் கேட்கலாம். "யாரும் இத்தனை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது; அதற்கு எத்தனை கிளினிக் வேண்டும்?" இதைத்தான் 1971இல் டொரேகாஸ், ஸ்வெய்ன், ரெவெல், பெர்க்மன் ஆகியோர் அவசர சேவை நிலையங்களுக்காகக் கணித வடிவில் எழுதினார்கள். எல்லை 5 கிலோமீட்டர் என்று வைத்தால் நம் சாலைக்கு இரண்டு போதும். அதில் ஒன்று 'உ'வின் பக்கம் வந்தே தீர வேண்டும். பணம் அவ்வளவு இல்லை என்றால்? 1974இல் சர்ச்சும் ரெவெலும் இன்னொரு கேள்வியை அமைத்தார்கள். கையில் இருக்கும் எண்ணிக்கைக்குள், எல்லைக்கு உட்பட்ட மக்கள்தொகையை எவ்வளவு அதிகமாக்கலாம்? நம் சாலையில் 'இ'யில் ஒரே கிளினிக் கட்டினால் 1,000இல் 980 வீடுகள் எல்லைக்குள் வந்துவிடும். அறிக்கையில் '98 விழுக்காடு' என்று எழுதலாம். மீதி 2 விழுக்காடு யார் என்று அறிக்கை பெரும்பாலும் எழுதாது. அது யாரோ சிலர் அல்ல. அதே 20 வீடுகள்.

இந்த முறைகள் காகிதத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 1980களில் ஆம்புலன்ஸ் நிலையங்களைத் திட்டமிட்டபோது டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று இப்படிப்பட்ட மாதிரியைப் பயன்படுத்தியது. கட்டுமானச் செலவில் மட்டும் 3.4 மில்லியன் டாலர் மிச்சமானதாக அக்குழு பின்னர் எழுதியது.

ஆம்புலன்ஸ் விஷயத்தில் கிலோமீட்டரைவிட நிமிடம் முக்கியம். இதயத்துடிப்பு திடீரென நின்றுவிட்டவருக்கு முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. கிளினிக் இடத்தை விட்டு நகராது. ஆம்புலன்ஸ் வேறொரு அழைப்புக்குப் போயிருக்கலாம். ஒரு வண்டி நேரத்தில் 30 விழுக்காடு வேலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தாமானை எட்டக்கூடியது ஒரே வண்டி என்றால், நீங்கள் அழைக்கும்போது அது இல்லாமல் இருக்க வாய்ப்பு 0.3. இரண்டு வண்டிகள் எட்டினால் 0.3 பெருக்கல் 0.3, அதாவது 0.09. இப்படி நிகழ்தகவையும் உள்ளே கொண்டுவந்த மாதிரிகள் 1980களில் வந்தன. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று சாராமல் இயங்கினால்தான் இந்தப் பெருக்கல் சரியாக வரும். பெருமழையில் ஒரே நேரத்தில் நான்கு விபத்து நடக்கும் மாலையில் அது பொய்த்துவிடும்.

நம் நாட்டில்

மலேசியாவின் கிராமப்புறச் சுகாதாரச் சேவையே ஓர் இட அமைவுத் திட்டம்தான். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அது மூன்று அடுக்காக அமைந்தது. 50,000 பேருக்கு ஒரு முதன்மைச் சுகாதார மையம். 10,000 பேருக்கு ஒரு துணை மையம். 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக், அவர் தங்குவதற்கான வீட்டோடு சேர்த்து. 1970களில் இதை இரண்டு அடுக்காக மாற்றினார்கள். 15,000 முதல் 20,000 பேருக்கு ஒரு சுகாதார கிளினிக். 4,000 பேருக்கு ஒரு கிளினிக் டேசா. உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், தோட்டத்துக்கோ கம்பத்துக்கோ வந்துபோன 'மிஸ்ஸி'யைப் பற்றி ஒரு கதையாவது வைத்திருப்பார்.

இந்த எண்களில் ஒன்று ஒளிந்திருக்கிறது. '4,000 பேருக்கு ஒன்று' என்பது தலைக்கணக்கு, தூரக்கணக்கு அல்ல. பெல்டா குடியேற்றம் ஒன்றில் 4,000 பேர் நடக்கும் தூரத்துக்குள் இருப்பார்கள். சரவாக் ஆற்றோரத்தில் அதே 4,000 பேர் ஒரு மாவட்டம் முழுக்கச் சிதறி இருக்கலாம். அங்கே எந்தப் புள்ளியில் கட்டினாலும் பலருக்கு எட்டாது. அதனால்தான் சரவாக்கில் 1973 முதல் பறக்கும் மருத்துவர் சேவை இயங்குகிறது. கட்டடத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்குக் கட்டடமே வேண்டாம் என்பதும் ஒரு விடை.

பட்டணத்துப் பக்கம் சிக்கல் நேரெதிர். தூரம் குறைவு, கூட்டம் அதிகம். கிளினிக் 2 கிலோமீட்டரில் இருக்கிறது, ஆனால் எண் சீட்டு வாங்க விடியற்காலையே வரிசை. இதைக் கணக்கில் எடுக்காமல் 'எல்லைக்குள் இருக்கிறார்' என்று சொல்வதில் பொருள் இல்லை. ஷரிபா ராடியா ஷரிப், நோர் ஹஸ்னா மொயின், முகமட் ஒமார் ஆகிய மூன்று மலேசிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. நம் நாட்டு மாவட்டம் ஒன்றின் கிளினிக்குகளை வைத்து, தூர எல்லையோடு ஒவ்வொரு கிளினிக்கும் எத்தனை பேரைத் தாங்கும் என்ற வரம்பையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். விடை காண அவர்கள் பயன்படுத்தியது மரபணு வழிமுறை. பல தீர்வுகளைப் பெற்றோராக வைத்து, கலந்து, நல்ல பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக முன்னேறும் கணினி முறை அது. உயிரியல் பாடம் எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

மக்கள் எப்போதும் அருகிலுள்ள இடத்துக்கே போவார்கள் என்பதும் மாதிரியின் ஊகம்தான். கனடா புவியியலாளர் ஜான் ஹாட்ஜ்சன் 1988இல் கோவாவின் சால்செட் வட்டத்துக்கான சுகாதார நிலையங்களை ஆராய்ந்தபோது இந்த ஊகத்தைக் கைவிட்டார். சிறிய நிலையத்தைத் தாண்டிப் பெரிய மருத்துவமனைக்குப் போவது மனித இயல்பு. வீட்டருகில் கிளினிக் இருக்க, "எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே காட்டிவிடலாம்" என்று ஜொகூர் பாருவுக்கு வண்டியைத் திருப்பும் குடும்பம் எத்தனை!

எண்ணப்படாதவர்களின் பிரச்சினையும் உண்டு. மாதிரிக்குள் ஓர் ஊரின் எடை என்பது யாரோ எண்ணித் தந்த எண். செனாய், கூலாய் வட்டாரத் தொழிற்சாலை விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை அந்த எண் சேர்த்திருக்கிறதா என்பதைப் பொறுத்து முடிச்சு வேறிடத்தில் நிற்கும். பலகையில் தொங்கவிடாத நட்டு இழுக்காது.

லயத்துப் பள்ளிக்கூடம்

கடைசியாக நமக்கு மிக நெருக்கமான ஒன்று. தமிழ்ப்பள்ளிகள் ஏன் அங்கங்கே, சின்னச் சின்னதாக, தோட்டங்களுக்குள் முளைத்தன? கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டியிருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் அது குறைந்தபட்ச எண்ணிக்கை விதி. லயத்திலிருந்து பிள்ளை நடந்தே போய்விடும். தூரம் ஏறக்குறைய சுழியம். ஆனால் பள்ளி மிகச் சிறியது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 500க்குச் சற்று மேல்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, தாமான்களாக மாறின. ஜொகூரின் இந்தப் பகுதியில் அதைக் கண்முன்னே பார்க்கிறோம். மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள், பள்ளிக்கூடம் பெயரவில்லை. நட்டுகளை வேறு துளைகளுக்கு மாற்றிவிட்டு முடிச்சை ஆணியடித்து வைத்தால் எப்படியோ, அப்படி. 150 மாணவருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் சேரும். மொத்த தூரத்தை மட்டும் பார்க்கும் மாதிரியிடம் கேட்டால், இருபது பிள்ளைகள் உள்ள பள்ளியை மூடிவிட்டுத் தாமானில் ஒன்றைப் பெரிதாக்கு என்றுதான் சொல்லும். தூர எல்லை மாதிரியிடம் கேட்டால், அந்த இருபது பிள்ளைகளுக்கு 5 கிலோமீட்டருக்குள் வேறு தமிழ்ப்பள்ளி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் மூட விடாது. பள்ளியின் உரிமத்தைத் தாமான் பகுதிக்கு மாற்றிக் கட்டுவது மூன்றாவது வழி. பல இடங்களில் அப்படி நடந்திருக்கிறது. மாணவர் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. என்னைக் கேட்டால், எங்கே மாற்றுவது என்பதை நிலம் கிடைத்த இடம் தீர்மானிப்பதற்கு முன்னால் யாராவது ஒரு முறை வரைபடத்தில் நட்டுகளைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

நீங்களும் பார்க்கலாம். உங்கள் வகுப்பு நண்பர்கள் பத்துப் பேரின் தாமான்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு எண் வேண்டாம், தாமான் பெயர் போதும். கைப்பேசி வரைபடத்தில் ஒவ்வொரு தாமானிலிருந்தும் மற்ற ஒவ்வொரு தாமானுக்கும் சாலைத் தூரத்தை எடுத்துப் பத்துக்குப் பத்து அட்டவணை போடுங்கள். எந்த வரிசையின் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அது இடைநிலை. எந்த வரிசையில் மிகப் பெரிய எண் மற்ற வரிசைகளின் பெரிய எண்களைவிடச் சிறியதோ அது மையம். இரண்டும் ஒரே தாமானா? பிறகு கிலோமீட்டருக்குப் பதிலாக நிமிடங்களை வைத்துக் காலை 7 மணிக்கு ஒரு முறை, பிற்பகல் 3 மணிக்கு ஒரு முறை அதே அட்டவணையைப் போடுங்கள். 'அ'விலிருந்து 'ஆ'வுக்குப் போகும் நேரமும் திரும்பி வரும் நேரமும் ஒன்றாக இருக்காது என்பதைக் கவனியுங்கள். ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு எந்தத் திசையின் நேரத்தை எடுக்க வேண்டும், கிளினிக்குக்கு எதை எடுக்க வேண்டும் என்று யோசித்து அட்டவணையை நிரப்புங்கள்.